ஒரு வாய்க்கு ஒரு வேடிக்கை

பிப்ரவரி 18, புதன்

கோபத்தில் எழுதுகிறேன். கையெழுத்து அப்படித்தான் இருக்கும்.

இன்று தாமிராவைக் குழந்தை நல நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு. பாரிஸில் பிள்ளைகளுக்கு ஊசி போடுவது, எடை பார்ப்பது எல்லாம் இங்கேதான். வயது இருபத்திரண்டு மாதம், எடை 9.2 கிலோ. நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து வந்து இறங்கிய நவம்பரிலும் இதே 9.2. டாக்டரம்மா ஒரு தாளில் மூன்று வளைகோடுகளைக் காட்டி, அவை எல்லாவற்றுக்கும் கீழே ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிதான் என் மகளாம்.

வரவேற்பு மேசையில் இருக்கும் சிவமலர் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டர் பிரெஞ்சில் சொன்னதை அவர்தான் தமிழில் சொன்னார்.

"பிள்ளையைக் கதிரையில இருத்தி, சாப்பாட்டை முன்னால வைக்கட்டாம் தம்பி. அவ தானா எடுத்துச் சாப்பிடோணுமாம். இருவது நிமிசம். சாப்பிடாட்டி எடுத்து வைச்சிடுங்கோ எண்டு சொல்லுறா. வேடிக்கை காட்டி ஊட்டக் கூடாதாம்."

"மூணு மாசமா அதைத்தானக்கா செய்யுதோம். சோறு பூராவும் தரைக்குத்தான் போகுது" என்றேன். அதை அக்கா மொழிபெயர்க்கவில்லை. ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் ஒன்றாம் தேதி, மறுபடி எடை பார்க்க வரச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் மதி ஆரம்பித்தாள். காந்திமதி, என் மனைவி. வேதியியலில் ஆராய்ச்சி செய்ய இரண்டு வருடத்துக்கு இங்கே வந்திருக்கிறாள். காலை எட்டு மணிக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் திரும்புவாள். நான் பி.டி. மாஸ்டர் வேலையை விட்டுவிட்டு அவளோடு வந்தேன், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள. "பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்கப் போறியாடே" என்று கேட்டவர்களின் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

"சங்கரபாண்டி அண்ணன் மார்ச் கடைசியில கம்பெனி ட்ரெய்னிங்குக்கு இங்க வாரான்லா. ஏப்ரல் நாலாம் தேதி திரும்புதான். இவளுக்கு ரெண்டு வயசு முடியலை, மடியில வச்சே கூட்டிட்டுப் போயிருவான். அவன் வீட்டுல மயினி பாத்துக்கிடுவா. அங்க மூணு புள்ளையளோட நாலாவதா வளந்துட்டுப் போறா."

"எத்தனை நாளைக்கு?"

"என் வேலை முடியிற வரைக்கும்."

ஒன்றரை வருடம். திரும்பிப் போய் நிற்கும்போது என்னை மாமா என்று கூப்பிடுவாள். நடுத்தெருவில் நின்று கத்தினேன். பிரெஞ்சுக்காரர்கள் விலகிப் போனார்கள். "ஏப்ரல் ஒண்ணுல எடை ஏறலைன்னா அனுப்பு. நான் வாயைத் திறக்கலை. ஏறிச்சுன்னா இந்தப் பேச்சை நீ எடுக்கக் கூடாது."

"எடுக்கலை" என்றாள். அவள் அழுதுகொண்டிருந்ததை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்

டாக்டரம்மா பெரிய படிப்பு படித்தவராக இருக்கலாம். ஆனால் தாமிரா ஊரில் எப்படிச் சாப்பிட்டாள் என்பது எனக்குத்தான் தெரியும். இடுப்பில் ஒரு கை, கிண்ணத்தில் ஒரு கை. "அந்தா காக்கா" என்றால் ஒரு வாய். "அந்தா பசு மாடு" என்றால் ஒரு வாய். டவுன் பஸ் வந்தால் இரண்டு வாய். தெருவிலுள்ள அத்தனை பிள்ளைகளும் அப்படித்தான் சாப்பிட்டு வளர்ந்தன, நானும்தான். இங்கே நாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர். சுவரைக் காட்டி யாருக்கு ஊட்ட முடியும்?

ஆகவே இன்று முதல் அக்கா சொன்ன கதிரை, அதாவது நாற்காலி, கிடையாது. நெய் விட்ட பருப்புச் சோறு ஒரு டப்பா, தயிர்ச் சோறு ஒரு டப்பா, தண்ணீர், துண்டு, தள்ளுவண்டி. பாரிஸ் முழுக்க வேடிக்கை இருக்கிறது. ஒரு வாய்க்கு ஒன்று.

குளியலறையில் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன எடை மெஷின் கிடக்கிறது. தாமிராவைத் தனியாக நிறுத்தினால் அதன் மேல் குதிக்கிறாள்; எண் நிற்க மாட்டேன் என்கிறது. தூக்கிக்கொண்டு நான் ஏறினேன். 83.2. என் எடை 74. கழித்தால் 9.2. சரியாக இருக்கிறது. கபடிப் போட்டிகளில் எடைப் பிரிவுக்கு எத்தனை பயல்களை நிறுத்துப் பார்த்திருப்பேன், எனக்கா தெரியாது? கால் கிலோ கூடுதல் என்று என் அணிக்காரனையே வெளியே அனுப்பியவன் நான். என் எடையோ, கல்லூரி முடித்த நாளிலிருந்து 74தான். கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

பிப்ரவரி 21, சனி

மழை. மழையைக் காட்டி ஊட்டினேன். நாலு வாய்.

பிப்ரவரி 24, செவ்வாய்

உலகம் முழுவதும் பணம் கட்டிப் பார்க்க வருகிற ஈபிள் கோபுரத்துக்கு என் மகள் கொடுத்த மரியாதை: அரை வாய். அதையும் துப்பிவிட்டாள். கோபுரத்தின் அடியில் நின்று, "அந்தா பாரு, எம்மாம் பெருசு" என்று கழுத்து வலிக்கக் காட்டினேன். அவள் ஒரு சீன அம்மாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் எங்கள் தெரு முனையிலேயே பெரிய வேடிக்கை காத்திருந்தது. நடைபாதை ஓரத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு, பச்சை நிறப் பிளாஸ்டிக் துடைப்பத்தால் ஒருவர் குப்பையைத் தள்ளிக்கொண்டு போனார். சுருட்டிய கம்பளத் துண்டை அணை மாதிரி வைத்தால் தண்ணீர் திரும்பிப் போகிறது. தாமிரா வாயைப் பிளந்தாள். பிளந்த வாயில் சோறு. அவர் பின்னாலேயே மூன்று தெரு நடந்தோம்; பதினோரு வாய். அவரும் புரிந்துகொண்டார். ஒவ்வொரு வாய்க்கும் துடைப்பத்தை ஒரு முறை உயர்த்திக் காட்டினார்.

நான் மீதியைச் சாப்பிட்டேன். அதுதான் என் மதியச் சாப்பாடு. எனக்கென்று தனி டப்பா வைக்க வண்டியில் இடம் இல்லை.

மார்ச் 2, திங்கள்

பூங்காவில் புல் பச்சைப் பசேலென்று இருந்தது. துண்டை விரித்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்ததுதான் தாமதம், விசில். தொப்பி வைத்த காவலர் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். புல்லில் உட்காரக் கூடாதாம். பத்து வருடம் நான் மற்றவர்களுக்கு விசில் அடித்தவன். எனக்கு ஒருவர் அடித்தது இதுதான் முதல் முறை.

தாமிரா கைதட்டினாள். "இன்னொண்ணு" என்றாள்.

காவலருக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பிரெஞ்சு தெரியாது. என் சட்டைப் பையிலிருந்து பழைய பள்ளிக்கூட விசிலை எடுத்து நான் ஒன்று அடித்தேன். அவர் திகைத்துப் போனார். சோற்றைக் காட்டினேன், பிள்ளையின் வாயைக் காட்டினேன், அவர் விசிலைக் காட்டினேன். எழுந்து புல்லுக்கு வெளியே பாதையில் போய் நின்றும் கொண்டேன். சட்டத்தை மீறியதாக யாரும் சொல்ல வேண்டாம். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாக ஒன்று ஊதினார். ஒரு வாய். நான் ஊதினேன். ஒரு வாய். ஆறாவது வாய்க்கு அவருடைய மேலதிகாரி வந்துவிட்டதால் கடையைக் கட்டினோம்.

மார்ச் 4, புதன்

எடை: 82.9. கழிக்க 74. 8.9.

இரண்டு தடவை ஏறிப் பார்த்தேன். மூன்றாம் தடவை மெஷினை வேறு இடத்தில் வைத்துப் பார்த்தேன். 8.9தான். குறைந்திருக்கிறது.

மதி கேட்டபோது, "ஏறிட்டுத்தான் இருக்கு" என்றேன்.

மார்ச் 5, வியாழன்

குறைந்தால் குறையட்டும். கபடியில் முதல் பாதியில் பின்தங்கிய அணிதான் ஜெயிக்கும் என்று எத்தனை தடவை பயல்களிடம் சொல்லியிருக்கிறேன். நெய்யை இரட்டிப்பாக்கினேன். முட்டையும் சேர்த்தேன். பாலத்தின் மேல் ஓடும் மெட்ரோ ரயில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. பாலத்தடியில் ஒரு மணி நேரம் நின்றோம். டப்பா காலி.

மார்ச் 11, புதன்

இந்த ஊர் மெட்ரோவைக் கட்டியவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது போல. இறங்கினால் படி, ஏறினால் படி, ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் படி. இன்று ஒரு நிலையத்தில் லிஃப்டுக்கு நீண்ட வரிசை. தாமிராவுக்குப் பசி நேரம் தவறிவிடும். தள்ளுவண்டியையும் அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு சுழல்படியில் ஏறினேன். நூற்றைம்பது வரைக்கும் எண்ணினேன், அதற்கு மேல் எண்ணவில்லை. மேலே வந்து ஒரு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் கொஞ்சம் இருட்டியது. வெளி வெளிச்சத்துக்குக் கண் பழக வேண்டாமா?

அந்த நிலையத்துக்கு மேலே இருக்கும் குன்றிலிருந்து ஊரே தெரிந்தது. தாமிரா புறாக்களை மட்டும் பார்த்தாள். ஒரு புறாவுக்கு ஒரு வாய். அங்கே புறாவுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு டப்பாவும் காலி. எனக்குப் பசி இல்லை.

இந்த நாட்டுத் தண்ணீரில் துவைத்துத் துவைத்து என் பேன்ட் தளர்ந்துவிட்டது. பெல்ட்டில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டேன்.

மார்ச் 14, சனி

மதி காலையில் என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்க மெலிஞ்ச மாதிரி இருக்கியளே."

"பேன்ட் பெருத்துட்டு" என்றேன்.

"பேன்ட் எப்படிப் பெருக்கும்?"

"இந்த ஊருல எல்லாம் நடக்கும்."

"நீங்க பிடிச்ச முயலுக்கு மூணு காலு" என்று சொல்லிவிட்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். சனிக்கிழமையும் போகிறாள். அவளையும் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. தாமிராவின் தலையை முகர்ந்துவிட்டுத்தான் தினமும் கதவைத் திறக்கிறாள். அனுப்பச் சொல்பவள் ஏன் அப்படி முகர வேண்டும்?

மார்ச் 18, புதன்

82.5. கழிக்க 74. 8.5.

கன்னம் உப்பியிருக்கிறதே! கையைப் பிடித்தால் சதை பிதுங்குகிறதே! போன மாதம் தொளதொளவென்று இருந்த பச்சைச் சட்டைக்குப் பொத்தான் போட முடியவில்லையே! ஒருவேளை வீக்கமோ? சாப்பிடுவதெல்லாம் எங்கே போகிறது? பயமாக இருக்கிறது. இதை எழுதத்தான் முடிகிறது, மதியிடம் சொல்ல முடியவில்லை. சொன்னால் இன்றைக்கே பெட்டி கட்டிவிடுவாள்.

எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இனி அதன் முகத்தில் விழிப்பதாக இல்லை.

மார்ச் 19, வியாழன்

மூன்று டப்பா.

மார்ச் 23, திங்கள்

சங்கரபாண்டி மச்சான் வந்து சேர்ந்தார். கம்பெனி கொடுத்த அறையில் தங்கல். மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அல்வா, முறுக்கு, கருப்பட்டி, கூடவே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குட்டிப் பெட்டி.

"மதியோட மயினி வாங்கினா. பாப்பா துணிமணி வைக்க. அங்க கட்டிலும் வாங்கிப் போட்டாச்சு மாப்ள. சுத்தி வலை வச்ச கட்டிலு."

கெட்ட மனுஷனாக இருந்தால் சண்டை போடலாம். இவர் நல்லவர், அதுதான் தொல்லை. பெட்டியைத் தாமிரா கையிலிருந்து வாங்கி அலமாரியின் மேல் வைத்தேன். இறக்கித்தா என்று அழுதாள். இறக்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

மச்சானும் எங்களோடு வேடிக்கைக்கு வந்தார். கால்வாய்க்குப் போனோம். படகு வந்து நின்றதும் முன்னும் பின்னும் பெரிய கதவுகளை மூடுகிறார்கள். உள்ளே தண்ணீர் பாய்கிறது. படகு அப்படியே மாடிப்படி ஏறுவதுபோல மேலே வருகிறது. பிறகு முன்கதவைத் திறந்தால் மேல் தட்டில் போய்விடுகிறது. "அந்தா போட்டு" என்று காட்டக் காட்ட, தாமிரா ஒரு படகுக்கு எட்டு வாய் வாங்கினாள். படகிலிருந்தவர்கள் கையசைத்தார்கள்.

மச்சான் சிரித்தார். "மாப்ள, நீங்க செய்யுறது நம்ம ஊருல எல்லாப் பொம்பளையளும் செய்யுறதுதான். இதுக்கு பாரிஸ் எதுக்கு? அங்க எங்க வீட்டு வாசல்ல நின்னா காக்காயும் மாடும் சும்மாவே வருமே."

"எல்லாரும் செய்யுறதைத்தான் செய்யுதேன். நான் செஞ்சா மட்டும் உங்களுக்கு ஏன் மச்சான் சிரிப்பு வருது?"

அவர் என் கையிலிருந்த டப்பாவை எட்டிப் பார்த்தார். "நீங்க சாப்பிடலையா?" என்று கேட்டார். காலி டப்பாவை மூடிக்கொண்டே, "ஆச்சு" என்றேன்.

மார்ச் 31, செவ்வாய்

நாளைக்கு. அவளுக்கு இன்று காலையும் மதியமும் மாலையும் ஊட்டினேன். கடைசி வாய்க்கு என்ன காட்டினேன் என்று நினைவில்லை. நான் தோற்றுவிட்டேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஊட்டினேன்.

ஏப்ரல் 1, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மச்சானும் வந்திருந்தார். சிவமலர் அக்கா தாமிராவைச் சட்டை கழற்றி எடைத் தொட்டியில் உட்காரவைத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா எண்ணைச் சொன்னார். மதி "ஆ!" என்றாள்.

9.8.

புள்ளி ஏறி முதல் கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. மதி என் கையைப் பிடித்தாள். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். மகள் என் வீட்டில், பெட்டி மச்சான் கையில். ஆனால் கால் கிலோவுக்காகச் சொந்த அணிக்காரனை வெளியே அனுப்பியவன் பொய் எடையில் எப்படி ஜெயிப்பது? பிள்ளைக்கு உள்ளுக்குள் ஏதாவது நோய் இருந்தால்?

"அக்கா, உங்க மெஷின் தப்பு" என்றேன்.

அறையே என்னைப் பார்த்தது. எல்லாவற்றையும் சொன்னேன். 8.9, 8.5, கட்டிலுக்கு அடியில் தள்ளிய மெஷின், மதியிடம் சொன்ன பொய். "அவளைத் தூக்கிட்டு நின்னு பாத்தேன். ஒவ்வொரு தடவையும் குறைஞ்சுட்டேதான் இருந்துச்சு."

மதி கையை விட்டுவிட்டாள்.

சிவமலர் அக்கா மொழிபெயர்த்தார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த பெரியவர்கள் மெஷினைக் கைகாட்டினார்.

"எனக்கு எதுக்கு? நான் எழுபத்து நாலு."

"ஏறுங்க" என்றாள் மதி. பத்து வருடம் நான் பயல்களை அதட்டிய அதே குரல். ஏறினேன்.

72.1.

இந்த மெஷினும் தப்பு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் சிவமலர் அக்கா சொல்லிவிட்டார். "பிள்ளை வத்தேல்லை தம்பி. நீங்கள்தான் வத்திப் போனீங்கள். உங்கட எடை குறைஞ்சதைப் பிள்ளையின்ர கணக்கில எழுதிப் போட்டீங்கள்."

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஏறியபோது உட்கார்ந்துவிட்டேன்.

"மத்தியானம் தினமும் என்ன சாப்பிட்டிய?" என்றாள் மதி.

"மீதி."

"மீதி எவ்ளோ இருக்கும்?"

"இவ நல்லாச் சாப்பிட்டா மீதி இருக்காது."

மதி அங்கேயே அழுதாள், மறைக்காமல். நானும்தான். இப்போது உண்மையை எழுதிவிடுகிறேன்: வண்டியில் இடம் இருந்தது. பேன்ட்டும் பெருக்கவில்லை. அவள் உடம்பில் ஒட்டாத சோறு என் தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

டாக்டரம்மா ஏதோ நீளமாகச் சொன்னார். "பிள்ளையை இனித் தானாச் சாப்பிடப் பழக்கட்டாம். உங்களைத்தான் கதிரையில இருத்தி, சாப்பாட்டை முன்னால வைக்கட்டாம்" என்றார் அக்கா.

மச்சான் வாசலில் தொண்டையைச் செருமினார். "கட்டில் கெடக்கட்டும் மாப்ள. லீவுக்கு வரும்போது படுத்துக்கிடுவா."

ஏப்ரல் 4, சனி

மச்சானை விமான நிலைய ரயிலில் ஏற்றிவிட்டோம். இளஞ்சிவப்புப் பெட்டியில் அவருடைய பிள்ளைகளுக்குச் சாக்லேட் வைத்து அனுப்பினோம். கதவு மூடும்போது, "மாப்ள, சாப்பிடுங்க" என்று கத்தினார். ரயில் பெட்டி முழுக்க ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்று மதிக்கு விடுமுறை, கேட்டு வாங்கியிருக்கிறாள். மூவரும் கால்வாய்க் கரைக்குப் போனோம். நாலு டப்பா. அதில் ஒன்றில் என் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறாள்: நயினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்த மாதிரி. திறந்தேன், புளிச்சோறு, அவித்த முட்டை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சாப்பிடுவது? டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படகைப் பார்த்தேன்.

தாமிராவை வழக்கம்போல ஊட்ட இழுத்தபோது, கையைத் தட்டிவிட்டாள். டாக்டரம்மா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். அவள் என் டப்பாவுக்குள் கையை விட்டாள். ஒரு பிடி அள்ளினாள். பாதி துண்டில், பாதி என் சட்டையில், மிச்சம் நாலு பருக்கை அவள் விரலில். அதை என் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு, மறு கையால் கால்வாயைக் காட்டினாள்.

"அந்தா," என்றாள், "போத்து."

பார்த்தேன். வாயைத் திறந்தேன்.